டர்போ ஸ்னோமொபைல் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? பம்பைக் கழற்றும் முன்

டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி) பொருத்திய ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் வண்டி, குளிரில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், பலருடைய கை நேராக எரிபொருள் பம்பை நோக்கித்தான் போகிறது. புதிய பம்பு வந்த பிறகும் வண்டி பழையபடியே அடம்பிடிக்கும். அடுத்து எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், பிறகு என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ என்று செலவு நீளும். இந்த வீண்செலவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எரிபொருள் அழுத்தத்தை அளக்கவே இல்லை, அல்லது தவறான நேரத்தில் அளந்திருக்கிறார்கள்.

தவறான நேரம் என்றால், என்ஜின் ஐடிலில் (த்ராட்டிலைத் தொடாமல் மெதுவாக) ஓடும்போது அழுத்தமானியான கேஜைப் பார்த்துத் திருப்தி அடைவது. காற்று உள்ளே வரும் வழியான இன்டேக்கில் எரிபொருளைத் தெளிக்கும் பெரும்பாலான அமைப்புகளில் அழுத்தம் ஏறக்குறைய 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை இருக்கும். ஐடிலில் எரிபொருள் தேவை மிகக் குறைவு என்பதால், பாதி செத்த பம்பும் அந்த எண்ணைக் காட்டிவிடும். த்ராட்டிலை முழுதும் திறந்து, டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்ட் ஏறி நிற்கும்போது என்ன காட்டுகிறது என்பதே கேள்வி.

டர்போ வண்டியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைத் தீர்மானிப்பது குழாயில் உள்ள அழுத்தம் மட்டுமல்ல. அதற்கும் இன்டேக்கில் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். அதனால்தான் பல டர்போ அமைப்புகளில், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை இன்டேக்குடன் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் எரிபொருள் அழுத்தமும் 1 பிஎஸ்ஐ ஏற வேண்டும். அந்தக் குழாய் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள் 45 பிஎஸ்ஐயிலேயே நிற்கும், பூஸ்ட் 10 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும், மிஞ்சுவது 35. தெளிக்கும் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், எரிபொருள் சுமார் 12 சதவீதம் குறைந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் இந்தக் குறைவே பிஸ்டனை உருக்கப் போதும். ஐடிலிலோ கேஜில் குறை எதுவும் தெரியாது.

இதைச் சோதிக்க மலையேற வேண்டியதில்லை. பம்பு ஓடும்போது, அந்தக் குழாயைக் கழற்றி ரெகுலேட்டரின் முனையில் கேஜ் உள்ள கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். எரிபொருள் அழுத்தம் அதே அளவு ஏறாவிட்டால் ரெகுலேட்டரில் கோளாறு இருக்கலாம். கழற்றிய குழாயை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ரெகுலேட்டருக்குள் உள்ள டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கக்கூடும். பெட்ரோல் அந்த வழியாகவே இன்டேக்குக்குள் போய் பிளக்கை நனைக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் மேட்டில் இழுக்காததற்கும் ஒரே காரணம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

எல்லா வண்டிகளுக்கும் ஒரே எண்ணை வைத்துப் பார்ப்பதும் தவறு. சிலவற்றில் ரெகுலேட்டர் டாங்குக்குள்ளேயே இருக்கும். அழுத்தம் நிலையாக நிற்க, பூஸ்டுக்கான கணக்கை ஈசியூ பார்த்துக்கொள்ளும். 2020 மாடலாக வந்த ஸ்கீ-டூ 850 இ-டெக் டர்போ போன்ற நேரடித் தெளிப்பு என்ஜின்களில் இன்ஜெக்டரே அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண் மட்டுமே செல்லும்.

இனி, ஸ்டார்ட் ஆகும் தருணம். பம்பு ஓடி நின்ற பிறகு அழுத்தம் சில நிமிடங்களாவது தாக்குப்பிடிக்க வேண்டும். சட்டென்று விழுந்தால், எரிபொருள் திரும்பி வடியாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் என மூன்று சந்தேகங்கள். பிளக்கைக் கழற்றினால் பாதி விடை கிடைக்கும்: நனைந்திருந்தால் எரிபொருள் உள்ளே கசிகிறது, காய்ந்திருந்தால் வந்து சேரவே இல்லை. கசிவு வெளியே தெரியாவிட்டால் டாங்குக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் சிறு குழாயைப் பாருங்கள். அது பிளந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. மாற்றும்போது சாதாரண பெட்ரோல் குழாய் உதவாது. பெட்ரோலில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு எஸ்ஏஇ 30ஆர்10 தரக் குழாயே வேண்டும்.

பம்பைக் குற்றம் சொல்லும் முன் அதற்கு வரும் மின்சாரத்தைப் பாருங்கள். பம்பு ஓடும்போதே அதன் இணைப்பில் வோல்ட்டேஜை அளக்க வேண்டும். இணைப்பைக் கழற்றி அளந்தால் துருப்பிடித்த எர்த்தும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பாட்டரி இல்லாமல் கயிறு இழுத்துக் கிளப்பும் மாடல்களில் ஈசியூ, பம்பு, தீப்பொறி மூன்றுக்கும் மின்சாரம் அந்த இழுப்பிலிருந்தே வர வேண்டும். அரைமனதாக இழுத்தால் அழுத்தம் ஏறவே ஏறாது.

குளிரில் மட்டும் தகராறு என்றால் சென்சார்களைச் சந்தேகிக்கலாம். இரவு முழுதும் வெளியே நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் நிற்கும் என்ஜினை 40 டிகிரி என்று சென்சார் சொன்னால், ஈசியூ குளிர்காலத்துக்கான கூடுதல் பெட்ரோலைத் தராது. கோடையில் நிரப்பிய பெட்ரோலும் இதே தொல்லையைத் தரும். குளிரில் அது எளிதில் ஆவியாகாது. ஆக்டேன் கூட்டுவதால் ஸ்டார்ட் ஆவது எளிதாகாது, ஆக்டேன் வேறு, எளிதில் ஆவியாகும் குணம் வேறு. பெரிய இன்ஜெக்டர் போட்டு, ஈசியூவில் உள்ள குளிர் ஸ்டார்ட்டுக்கான அட்டவணையை டியூனர் திருத்தாமல் விட்டிருந்தால் பெட்ரோல் வெள்ளமாகவே கொட்டும். இது நான் அதிகம் சந்தேகிக்கும் இடம். யாரும் பார்க்காத இடமும்கூட.

ஸ்டார்ட் ஆகாத ஆத்திரத்தில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குச் செய்யும் கொடுமை. சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தை அது கழுவிவிடும்.

ஓடிக்கொண்டே இருந்த வண்டி சிறிது நேரத்தில் மூச்சுவாங்கினால், ஒருமுறை டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் டாங்குக்குள் காற்றை விடும் வென்ட் குழாயை ஐஸ் அடைத்திருக்கலாம்.

ஓடும் வண்டியில் அளக்க, பெட்ரோல் நிறைந்த நீள ரப்பர் குழாயை ஹேண்டில் வரை இழுக்காதீர்கள். செந்தணலாகக் காயும் டர்பைன் பக்கத்திலேயே இருக்கிறது. மின் சென்சார் உள்ள கேஜ் கூடுதல் செலவுதான், ஆனால் கேபிள் மட்டுமே மேலே வரும். எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் அழுத்தத்தை வடித்துவிடுங்கள்.

எல்லா நிலையிலும் அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? எரிபொருளை விட்டுவிட்டு, த்ராட்டிலை முழுதும் திறந்து வைத்து, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரஷனை அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், எரிபொருள் குறைந்து ஓடிய பழைய நாள் ஒன்றில் பிஸ்டன் ரிங் ஏற்கனவே அடிபட்டிருக்கலாம்.