இத்தாலியில் வசிப்பு அனுமதி அட்டையைப் பெற்றுக்கொள்வது எப்படி? பெயரில் ஏற்படும் சிக்கலைத் தவிர்க்கும் வழியுடன்

மாணவர் விசாவில் இத்தாலிக்கு வருபவர்கள், வந்து சேர்ந்த 8 வேலை நாட்களுக்குள் தபால் நிலையம் வழியாக ‘பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ’ எனப்படும் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தைக் கறுப்பு மையில் பெரிய எழுத்துகளில் நிரப்புங்கள். விண்ணப்ப உறையை ஒட்டாமல் திறந்தபடியே எடுத்துச் செல்லுங்கள். நான் விண்ணப்பித்தபோது முத்திரை வில்லைக்கு 16 யூரோவும், தபால் கட்டணமாக 30 யூரோவும், ஓராண்டு வரையிலான அட்டைக்கு 70.46 யூரோவும் செலவாயின. தபால் நிலையத்தில் தரும் ‘ரிச்செவூத்தா’ என்ற ரசீதையும், கைரேகை பதிவுக்கான நாள் குறித்த கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். அட்டை கைக்கு வரும்வரை உங்கள் சட்டபூர்வ இருப்புக்கு அந்த ரசீதுதான் சான்று.

அட்டை தயாரா என்று பார்த்தல்

60 நாட்களுக்குள் அட்டை தரப்பட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பல மாதங்கள் ஆகலாம். குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பதைவிட, இத்தாலிய அரசுக் காவல் துறையின் இணையதளத்தில் ரசீது எண்ணை இட்டு வாரம் ஒருமுறை நாமே பார்ப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. இலவசமாகவே பார்க்கக்கூடிய இந்தத் தகவலுக்காக இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒப்படைக்கத் தயார் என்று திரையில் வந்ததும், அட்டையை எங்கே, எந்த நேரத்தில் பெற வேண்டும் என்பதை உங்கள் நகரத்துக் ‘குவெஸ்தூரா’ எனப்படும் காவல் தலைமையகத்தின் இணையப் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள், இது ஊருக்கு ஊர் மாறும்.

கவுண்டரில்

அசல் பாஸ்போர்ட், அசல் ரசீது, புதுப்பிப்பவராக இருந்தால் பழைய அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் சில்லில் பதிந்துள்ள ரேகையோடு உங்கள் விரலை ஒப்பிட்ட பிறகே அட்டையைத் தருவார்கள். குளிர்காலத்தில் தோல் வறண்டு வெடித்திருந்ததால், என் விரலை இயந்திரம் இருமுறை ஏற்கவில்லை. கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே மூன்றாம் முறை பதிந்தது.

வெளியே வருமுன் சரிபார்க்க வேண்டியவை

நான் தவறவிட்ட படி இதுதான். அட்டை கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாட்கள் கழித்து வங்கியில் கணக்குத் தொடங்கச் சென்றபோதுதான், அட்டையில் உள்ள ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்ற வரி எண்ணும், நான் முன்பே வாங்கி வைத்திருந்த சான்றிதழில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருப்பது தெரிந்தது.

நம் ஊர்ப் பெயர் முறைதான் இதற்குக் காரணம். குடும்பப் பெயர் இல்லாத நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அந்தப் பகுதி வெறுமையாக இருக்க, சொந்தப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து ஒரே வரியில் நிற்கும். இத்தாலிய அலுவலகம் அவற்றை எந்த வரிசையில் பிரிக்கிறதோ, அதற்கேற்ப, பெயரின் எழுத்துகளைக் கொண்டு தொடங்கும் இந்த எண்ணும் மாறிவிடும். எடுத்துக்காட்டாக, முருகன் என்பதைக் குடும்பப் பெயராகவும் செல்வம் என்பதைச் சொந்தப் பெயராகவும் கொண்டால், ஆங்கில எழுத்துகளில் அந்த எண் ‘எம் ஆர் ஜி எஸ் வி எம்’ என்று தொடங்கும். இடம் மாற்றினால் ‘எஸ் எல் வி எம் ஜி என்’ என்று தொடங்கும். கணினிக்கு இவர்கள் இரு வேறு மனிதர்கள். என் அட்டையைத் திருத்தி வாங்க மேலும் மூன்று மாதங்கள் ஆயின.

ஆகவே, வரி எண் சான்றிதழைக் கைரேகை பதிவு நாளிலேயே எடுத்துச் சென்று, அதில் உள்ள அதே வரிசையில் பெயரைப் பதியும்படி கேளுங்கள். அட்டை வாங்கும் நாளிலும் பெயர், பிறந்த தேதி, வரி எண், காலாவதித் தேதி ஆகிய நான்கையும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் விசாவுக்கே விண்ணப்பிக்காதவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதியை முதலில் நிரப்பிக்கொள்வதே சிறந்தது என்பேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே சேர்க்கிறேன். ரேகையை ஒப்பிட வேண்டியிருப்பதால், நண்பரை அனுப்பி அட்டையை வாங்க முடியாது. நீங்களே செல்ல வேண்டும். விசா முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும் காலத்தில் ஊருக்குப் போவதானால், பிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற பிற ஷெங்கன் நாடுகளின் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்கள் வழியாகப் பயணம் செய்யாதீர்கள். இத்தாலியிலிருந்து நேராகவோ, துபாய், தோஹா போன்ற இடங்கள் வழியாகவோ சென்று, அதேபோல் இத்தாலியிலேயே வந்து இறங்க வேண்டும். காத்திருக்கும் இடைவெளியில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள், அட்டை வாங்கச் செல்லும்போது பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.