மண் வீட்டுக்குப் பழைய மரமும் ஓடும் செங்கல்லும் தேடும் முறை

மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு சிறிய வீடு கட்டுவோருக்குச் செலவு கூடுவது பெரும்பாலும் சுவரில் அன்று. நிலை (கதவைத் தாங்கும் சட்டம்), கதவு, சன்னல், உத்திரம், கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்), ஓடு ஆகியவற்றில்தான். இவற்றை இடிபடும் வீடுகளிலிருந்து பெறலாம் என்றாலும், எல்லாப் பழைய வீடும் பயன் தராது. முதலில் பார்க்க வேண்டியது சாந்து. சுண்ணாம்பிலோ களிமண்ணிலோ கட்டிய சுவரில் தட்டினாலே சாந்து உதிர்ந்து செங்கல் முழுதாகக் கைக்கு வரும். சிமென்டில் கட்டிய சுவரிலோ சாந்துக்கு முன் கல் உடையும். ஆகவே சிமென்ட் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளைத் தேடுங்கள்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு நிலைகளும் தூண்களும் கிடைக்கும். ஆனால் அங்கே மரத்துக்கன்றி அலங்காரத்துக்கே விலை சொல்வார்கள். குறைந்த செலவில் கட்ட நினைப்பவர், வீட்டை மொத்தமாக விலை பேசி இடித்தெடுக்கும் ஒப்பந்தக்காரரையும், உள்ளூர்க் கொத்தனார், தச்சர்களையும் அணுகுவதே நல்லது. மார்கழி முடிந்து தை பிறந்ததும் பலர் புது வீட்டு வேலையைத் தொடங்குவதால், அதற்கு முன்பே சொல்லி வையுங்கள். ஜேசிபி வந்துவிட்டால் ஓடும் கல்லும் மண்ணோடு போய்விடும். ஓட்டையும் மரத்தையும் ஆள் வைத்துக் கையால் இறக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதமும் ரசீதும் பெறுங்கள். தேக்கை வண்டியில் ஏற்றும்போது அந்த ரசீது கட்டாயம் கையில் இருக்கட்டும்.

மரத்தில் ஏமாறுவது எளிது. உத்திரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்து நன்றாக இருந்தாலும், சுவருக்குள் புதைந்திருந்த இரு முனைகளிலும் ஈரமும் கரையானும் புகுந்திருக்கும். திருப்புளியால் முனைகளைக் குத்திப் பாருங்கள். உளுத்த பகுதியை அறுத்தெடுத்தால் 12 அடி மரம் 10 அடியாகிவிடும் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள். ஆணிகளை முழுவதும் பிடுங்காவிட்டால் அறுவை மில்லில் வாள் கெடும் என்று மறுத்துவிடுவார்கள். தென்மாவட்டங்களில் பனங்கைகளும் (பனைமரத்தில் அறுத்த கைமரங்களும்) கிடைக்கும். முற்றிய பனையானால் தயங்காமல் வாங்கலாம். பழைய மரத்தின் நீளம் நம் விருப்பப்படி அமையாது என்பதால்தான், வரைபடம் போட்டுவிட்டு மரம் தேடுவதைவிட, கிடைத்த உத்திரத்தின் நீளத்துக்கு அறையின் அகலத்தையும், கிடைத்த நிலையின் அளவுக்கு வாசலையும் அமைப்பது மேல்.

சீமை ஓட்டை (ஆலையில் அச்சில் செய்த தட்டை ஓட்டை) ஒரே வீட்டிலிருந்து, ஒரே ஆலையின் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஆலைக்கு ஆலை அளவு சற்று மாறுவதால், கலந்து வாங்கிய ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மழை ஒழுகும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ரீப்பரை (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) பற்றும் பல் உடைந்திருக்கக் கூடாது. ரீப்பர் இடைவெளியை இந்த ஓட்டை வைத்தே அளந்து அடியுங்கள். பொருந்தாத ஓடுகளும் வீணில்லை: கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இடையிடையே ஓடு வைத்து, கான்கிரீட்டைக் குறைக்கும் முறையைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாகக் கையாண்டார்.

செங்கல்லில் உப்புப் பூத்ததை, குறிப்பாகக் கழிவறையும் மாட்டுக்கொட்டிலும் இருந்த சுவரின் கற்களை, ஒதுக்குங்கள். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல்லின் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது வெளிச்சுவருக்கு ஏற்றதன்று. உடைந்த கற்களைச் செங்கல் ஜல்லியாக உடைத்துச் சுண்ணாம்போடு தரைக்கு இடலாம். பழைய மண்சுவரின் மண்ணை உடைத்து, வேரும் குப்பையும் நீக்கி, நன்கு ஊறவைத்து, வைக்கோல் சேர்த்து மிதித்தால் மீண்டும் சுவருக்கு ஆகும். கல்லும் மண்ணும் எடை மிக்கவை. லாரி வாடகை சேர்ந்தால் தொலைவிலிருந்து வரும் மலிவான செங்கல் புதிய கல்லைவிட விலை கூடிவிடும். மரத்துக்கும் நிலைக்கும் மட்டும் வெளியூர் போகலாம்.

இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாதவை உண்டு. துருப்பிடித்து வளைந்த கம்பியைத் தளத்துக்கு நம்பாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடையும்போது பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலைக் கெடுப்பதால் அதைத் தொடவே வேண்டாம். பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பிள்ளைகள் புழங்காத இடத்தில் ஒதுக்குங்கள்.