கர்லுக்குப் பிழை 48 வருகிறதா? லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

உபுண்டு லினக்ஸ் 22.04க்கு மாறிய மறுநாள், இணைய முகவரியிலிருந்து தரவை இறக்கும் கர்ல் கட்டளை, எந்த முகவரியைக் கொடுத்தாலும் பிழை 48 காட்டி நின்றுவிட்டது. லிப்கர்ல் என்ற அதன் லைப்ரரிக்குத் தெரியாத ஆப்ஷனை அனுப்பிவிட்டேனாம். நான் ஆப்ஷனே போடவில்லை! உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடியில் மூன்று முறை ரீஇன்ஸ்டால் செய்தும் அதே கதைதான்.

முதலில் வெர்ஷனைப் பாருங்கள்: கர்ல், இடைவெளி, சிறு கோடு, கேப்பிடல் வி. முதல் வரியிலேயே இரண்டு எண்கள் வரும். ஒன்று நாம் அடிக்கும் கட்டளையுடையது, மற்றது உள்ளே வேலை செய்யும் லிப்கர்லுடையது. எனக்கு முதலாவது 7.81.0, அடுத்தது அதைவிடப் பழையது. இரண்டும் பொருந்தவில்லை என்று கடைசியில் எச்சரிக்கைகூட இருந்தது. படிக்காதது என் தப்பு.

அடுத்து, கர்லின் முழுப் பாதையைக் கொடுத்து எல்டிடி ஓட்டுங்கள்; ஒரு நிரல் எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று அது காட்டும். லிப்கர்ல் வரியில் அம்புக்குறிக்கு வலப்பக்கம் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் என்றிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். எப்போதோ சோர்ஸ் கோடிலிருந்து நானே கம்பைல் செய்து மேக் இன்ஸ்டால் போட்டது. பிறகு அந்தக் கர்லை மட்டும் அழித்துவிட்டு லைப்ரரியை மறந்திருக்கிறேன். ஏபிடி அந்த ஃபோல்டரைத் தொடாது. ரீஇன்ஸ்டால் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

நான் தடுமாறிய இடம் இது: பழைய லைப்ரரி என்றால் பெயரே வேறாக இருக்காதா? இருக்காது. 2006ல் வந்த 7.16.0 முதல் லிப்கர்ல் கோப்பின் பெயரில் வரும் எஸ்ஓ எண் 4 தான். நிரலோடு லைப்ரரியைச் சேர்க்கும் லோடர் பெயரைத்தான் பார்க்கிறது. தேடும் வரிசையில் லோக்கல் லிப் முன்னால் இருப்பதால், அங்கே கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது.

சோர்ஸ் ஃபோல்டர் இன்னும் இருந்தால் மேக் அன்இன்ஸ்டால் போதும். இல்லாவிட்டால் லோக்கல் லிப்பில் லிப்கர்ல் என்று தொடங்கும் எல்லாவற்றையும், சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உட்பட, வேறிடத்துக்கு நகர்த்துங்கள். உடனே அழிக்க வேண்டாம். பிறகு அட்மின் உரிமை தரும் சூடோவைப் போட்டு எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்; லோடரின் லைப்ரரிப் பட்டியலை அது புதுப்பிக்கும். மறுபடி எல்டிடி பாருங்கள், பாதை மாறியிருக்கும்.

வேறொரு வெர்ஷனுக்கு சிம்லிங்க் போட்டு ஒப்பேற்றச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. பிழைச் செய்தி மறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

பின்சேர்க்கை: சூடோ போட்டால் கர்ல் ஓடுகிறது, போடாவிட்டால் விழுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியென்றால் லைப்ரரியை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியைச் சந்தேகியுங்கள். சூடோ அதை உள்ளே விடாது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் அவருடைய பாஷ்ஆர்சி கோப்பில் ஏதோ ஒரு இன்ஸ்டாலர் அந்த வரியைச் சேர்த்திருந்தது. அதை நீக்கிவிட்டுப் புது டெர்மினல் திறந்ததும் சரியாகிவிட்டது.