மலைச்சாலைக்கு டயர் அளவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் காருக்கு டயர் மாற்றப் போகிற பலர் கடைக்காரரிடம் கேட்பது, "இதைவிடக் கொஞ்சம் பெரிய சைஸ் போடலாமா?" என்பதுதான். வண்டி உயரமாகத் தெரியும், பிடிமானம் கூடும், குழியில் அடிபடாது என்று நினைக்கிறார்கள். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். கல்லட்டியிலும் குன்னூர் மலைப்பாதையிலும் தினமும் ஏறி இறங்கும் வண்டியின் நிலைமை வேறு.

185/65 ஆர்15 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ.; ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. இதற்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிவிடும், அதாவது 4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 52-இல் போகும் என்பது இதில் சின்னத் தொல்லை. பெரிய தொல்லை கியரில் இருக்கிறது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் இழுவையில் அதே 4 சதவீதம் தளர்ந்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வலு இழக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் எஞ்சினிடம் போய், கொண்டை ஊசி வளைவில் ஆள் நிறைந்த வண்டியைப் பெரிய சக்கரத்தில் இழுக்கச் சொல்வது என்ன நியாயம்?

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது கியரில் இறங்கும்போது எஞ்சின் தரும் தடுப்பு குறைகிறது. பிரேக் வட்டு பழைய அளவிலேயே இருக்க, சக்கரத்தின் ஆரம் கூடுவதால் பெடலை அதே அளவு மிதித்தாலும் கிடைக்கும் தடுப்புவிசை குறைகிறது. இரண்டும் தனித்தனியே சிறியவைதான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் முழுப் பாரத்தோடு இறங்கும்போது இரண்டும் சேர்ந்து பிரேக்கைச் சூடாக்கும். சூடு எல்லை மீறினால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். அந்த நிலைக்கு ஒரு வண்டியைத் தள்ளிவிடும் எந்த அழகும் எனக்கு அழகாகத் தெரியவில்லை.

அகலம் கூட்டியே ஆக வேண்டும் என்றால் பக்கச்சுவர் விகிதத்தைக் குறையுங்கள். 195/60 ஆர்15-இன் விட்டம் 615 மி.மீ.; மாற்றம் ஒரு சதவீதம்தான். ரிம்மைப் பெரிதாக்கி 195/55 ஆர்16 போட்டால் விட்டம் அப்படியே நிற்கும். ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆடி மழையில் பெயர்ந்த சாலையின் விளிம்புகள் இப்படிப்பட்ட டயரில் புடைப்பை உண்டாக்கும், ரிம்மையும் வளைக்கும்.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. தேங்கிய நீரைக் கிழித்துத் தரையைத் தொடுவதில் குறுகிய டயருக்கே சாதகம் அதிகம். எஸ்டேட்களில் ஓடிய பழைய ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லியான டயரோடு சேற்றில் ஏறியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடையில் நின்றபடி சோதித்தால் தெரியாத ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நான்கு பேரை உட்கார வைத்து, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். சமவெளியில் முழு ஒடிப்பு வண்டி நிறுத்தும் இடத்தில்தான் தேவைப்படும். இங்கே கொண்டை ஊசி வளைவுதோறும் தேவைப்படலாம்.

அமெரிக்காவின் ஓவல் தடப் பந்தயக் கார்களைப் பார்த்துவிட்டு, வலப்பக்கமும் இடப்பக்கமும் வேறு வேறு அளவு போடலாமா என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்தக் கார்கள் இடப்பக்கமாக மட்டுமே திரும்புகின்றன. பல கார்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டியிருப்பதால் வலப்பக்க டயரின் சுற்றளவைப் பெரிதாக வைக்கிறார்கள். நம் கார்களில் அந்த வேலையை, இருபக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு செய்துவிடுகிறது. இருபக்கமும் திரும்பும் சாலையில் ஒரே அச்சில் இரண்டு அளவு இருந்தால், நேராகப் போகும்போதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டிஃபரன்ஷியலும் ஓய்வின்றித் தேயும். நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப்பில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் கியர் அமைப்பே முறுகி உடையக்கூடும்.

அளவு சரியாக இருந்தும், அளவுக்கு அடுத்து எழுதியிருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணைப் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். வண்டியோடு வந்த டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

நான்கு டயரையும் வேறு அளவுக்கு மாற்றுகிறவர்கள் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் குஞ்சப்பனை தாண்டி இரவில் பஞ்சரானால் கைக்கு வருவது பழைய அளவு டயர்தான். மீதி இறக்கம் முழுவதையும் பொருந்தாத சக்கரத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஐந்தாவதையும் அதே அளவில் சேர்த்தே விலை பேசுங்கள்.