695 நானோமீட்டர் பட்டை பாதியில் நின்றது ஏன்: என் அனுபவம்

சிர்பி2 (SyrB2) போன்ற, மூலக்கூறுகளில் குளோரின் முதலிய ஹாலஜன்களைச் சேர்க்கும் ஹாலஜனேற்ற நொதிகளில் ஹைட்ரஜனைப் பறித்துக் குளோரினுக்கு வழிவிடுவது +4 நிலை இரும்பு-ஆக்ஸோ இடைநிலை (இரும்போடு ஆக்சிஜன் அணு பிணைந்த, சிறிது நேரமே நிற்கும் வடிவம்). இரும்பைப் பற்றிக்கொள்ளும் என்4பை (N4Py) ஈனியைக் கொண்டு, அசிட்டோநைட்ரைல் கரைப்பானில், ஆக்சிஜனேற்றியான அயோடோசில்பென்சீன் சேர்த்து அதன் மாதிரியை உருவாக்கினேன். அது உருவானதற்கு அடையாளமாக 695 நானோமீட்டரில் எழ வேண்டிய ஒளி உறிஞ்சல் பட்டை பாதியிலேயே நின்றுவிட்டது.

கரைப்பானை மாற்றினேன், ஆர்கானில் செய்தேன், இரும்பு அணைவையும் புதிதாகத் தயாரித்தேன். பலனில்லை. அமிலத்தில் செய்த அயோடின் தரம்பார்த்தலோ (ஆக்சிஜனேற்றி விடுவிக்கும் அயோடினை அளக்கும் சோதனை) ஆக்சிஜனேற்றி நன்றாக இருப்பதாகவே காட்டியது. சிக்கலே அங்கேதான்! பழைய அயோடோசில்பென்சீன் அயோடோபென்சீனாகவும் அயோடைல்பென்சீனாகவும் பிரிகிறது. பின்னது இரு மடங்கு அயோடினை விடுவிப்பதால் மொத்தக் கணக்கில் எதுவுமே தெரியாது.

அயோடோபென்சீன் டைஅசெட்டேட்டிலிருந்து அயோடோசில்பென்சீனை சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு புதிதாகத் தயாரித்தேன். சூடாக்காமல் உலர்த்தி (சூடேறினால் வெடிக்கும்), உறைபெட்டியில் வைத்தேன். செந்நிறக் கரைசல் வெளிர்பச்சையாகி, பட்டை முழு உயரத்துக்கு எழுந்தது. பெரிய நிம்மதி.