இரவு பஸ்ஸில் வந்து மறுநாளே விமானம் ஏறுபவர்களுக்கு

ஐதராபாத்திலிருந்து இரவு பஸ்ஸில் சென்னை மாதவரம் வந்திறங்கி, அன்றே சிங்கப்பூர் விமானம் என்றால் இடையில் 8 மணி நேரமாவது விடுங்கள். பஸ் தாமதமாகும், விமானம் காத்திருக்காது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு மெட்ரோ நேரே விமான நிலையம் போகிறது; ஆட்டோ பேரம் மிச்சம்.

பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் குலுக்கல் அதிகம், நடு இருக்கை கேளுங்கள். விமானத்தில் இறக்கை அருகே ஆட்டம் குறைவு, வால் பகுதியில்தான் கூடுதல்.

முந்தின இரவு பரோட்டா சால்னா வேண்டாம். மேலே கேபின் காற்றழுத்தம் குறைவதால் வயிற்று வாயு விரிந்து உப்பும். இட்லி போதும். வாந்தி மாத்திரை மருத்துவர் சொன்னதாக இருந்தால், ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குலுக்கல் தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு. விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.