டிசம்பர் லீவுக்கு எந்தக் கடற்கரை? திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

கடலை வாசலில் வைத்துக்கொண்டு இன்னொரு கடலுக்குக் காசு கட்டிப் போவதா என்று அம்மம்மா கேட்பார். நியாயம்தான். ஆனால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் திருகோணமலையில் சராசரியாக 600 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. நிலாவெளியில் அலை கரையைத் தின்னும் அந்த நாட்களில் பிள்ளைகளை எப்படித் தண்ணீரில் இறக்குவது? குடும்பத்தோடு முதன்முதலாகக் கடற்கரைப் பயணம் போடுகிறவர்கள் இந்த ஒழுங்கில் யோசித்தால் போதும்.

படி 1: முதலில் காற்று, பிறகுதான் படம்

பெரும்பாலானோர் ஹோட்டல் படத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். பாசிக்குடா படத்தில் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். அது எந்த மாதம் எடுத்தது என்று படத்தில் போட்டிருக்காது. டிசம்பரில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து கிழக்குக் கரையில் கொட்டும். நடுவில் மலைநாடு மறித்து நிற்பதால், அந்தப் பக்கம் நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரை மழை குறைந்து கடலும் அடங்கும். மே மாதமளவில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் எல்லாம் தலைகீழ்.

இதை மீனவர்களிடம் பார்த்தாலே தெரியும். சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அடித்துத் தங்கும். வாடை தொடங்க முன் வலையையும் வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடும். திமிங்கிலம் பார்ப்பதும் அப்படித்தான்: ஆண்டின் நடுப்பகுதியில் திருகோணமலை, டிசம்பரில் தெற்கே மிரிஸ்ஸ.

ஆகவே பாசிக்குடா, அறுகம்குடா, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் எல்லாவற்றையும் இந்த லீவுக்கு வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ, கற்பிட்டி. பகலில் 30 பாகையளவு இருக்கும், கம்பளி ஒன்றும் வேண்டாம். டிசம்பர் முதல் பாதியில் தென்மேற்கிலும் பின்னேர இடிமழை வரலாம். நத்தாரை ஒட்டிப் போவது நல்லது, ஜனவரி இன்னும் நல்லது.

படி 2: அந்தக் கடல் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

காற்று அடங்கிய கரை எல்லாம் குளிக்கிற கரை அல்ல. போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள் வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே முருகைக்கல் பார் (பவளப் பாறைத் தொடர்) இருக்கக்கூடும். அலை அதில் உடைந்துவிடும், உள்ளே தண்ணீர் அமைதி. ஹிக்கடுவவில் ஒரு பகுதி இப்படித்தான். வளைந்த குடாவாக இருப்பதால் உனவட்டுனவும் பரவாயில்லை. பெந்தோட்டையில் கடல் முரண்டு பிடித்தால் ஆற்றில் படகுச் சவாரி இருக்கிறது. மிரிஸ்ஸவின் திமிங்கில வள்ளத்தில் பல மணி நேரம் திறந்த கடலில் இருக்க வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைத் தவிருங்கள்.

இடத்துக்குப் போனபின் ஒன்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நுரையில்லாமல் ஒரு துண்டுத் தண்ணீர் சாதுவாகத் தெரியும். பழக்கமில்லாதவர் அங்கேதான் இறங்குவார். பெரும்பாலும் கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி இழுக்கும் பாதை அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலகிய பிறகு திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே இல்லை, மண்ணில் விளையாடட்டும்.

படி 3: எப்படிப் போவது

தெற்குக்கு என்றால் இரவு ரயிலில் கொழும்பு கோட்டை, அங்கிருந்து காலிப் பக்க ரயில். வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். பெந்தோட்டைக்கு அளுத்கமையில் இறங்குவது வசதி. வான் பிடித்துப் போகிறவர்களுக்குக் கொழும்பு தாண்டினால் அதிவேகப் பாதை உண்டு.

கற்பிட்டிக்கு ஹொரவப்பொத்தானை, அனுராதபுரம் வழியாகப் புத்தளம் போகும் ஏ12 வீதி. கொழும்பைத் தொடவே வேண்டாம். இன்னொரு காரணத்துக்காகவும் கற்பிட்டி எனக்குப் பிடிக்கும்: அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. சிங்களம் தெரியாத அம்மம்மா கடையில் தானே பேரம் பேசுவார். ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது, காலையில் ஓங்கில் கூட்டமும் பார்க்கலாம். ஆனால் காற்று கொஞ்சம் அதிகம், நிழல் குறைவு. கைக்குழந்தை உள்ளவர்கள் தெற்கையே பாருங்கள்.

படி 4: அறை

நத்தாரிலிருந்து புதுவருடம் வரை தெற்கில் விலை ஏறிவிடும். போனில் கேட்க வேண்டியவை: விலை அறைக்கா ஆளுக்கா, பிள்ளைக்கு மெத்தை தனிக் காசா, காலைச் சாப்பாடு சேர்ந்ததா. ஹிக்கடுவ என்றால் அறை காலி வீதியின் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். பஸ்கள் பறக்கும் வீதி அது, பிள்ளைகளோடு நாளுக்கு நாலு தடவை கடக்க முடியாது. திருவெம்பாவை நாட்களில் வீட்டில் மரக்கறி என்றால், சமையலறை உள்ள வீடாக எடுங்கள். மீன் வாசமில்லாத கறி தேடி அலைய வேண்டாம்.

படி 5: புறப்பட முன்

அறையும் வானும் முற்பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையில் இருக்கட்டும். இந்த மாதங்களில்தான் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி நம் மாவட்டக் கரையில்தான் ஏறியது. போகுமிடம் காய்ந்திருந்தாலும் போகும் பாதையில் வெள்ளம் நிற்கலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை மூன்று நாள் முன்னிருந்தே பாருங்கள். அதில் கடற்பகுதிகளுக்கான பகுதியைத் தனியாக வாசியுங்கள். மழை இல்லை என்று போட்டிருக்கும் நாளிலும் கடல் கொந்தளிப்பு என்று அங்கே இருக்கக்கூடும்.